30 விநாடி உட்கார முடிகிறதா? பக்கவாதத்துக்குப் பிறகு நடையைக் கணிக்கும் கணக்கு

பக்கவாதம் வந்து படுத்தவரின் கட்டிலைச் சுற்றி நிற்கும் குடும்பத்தார் முதலில் கேட்பது உயிரைப் பற்றி. "ஆபத்து ஒண்ணும் இல்லியே சார்?" இல்லை என்று டாக்டர் சொன்ன மறு நிமிடமே அடுத்த கேள்வி வந்துவிடும். "எப்ப நடப்பாரு?" கை, பேச்சு, ஞாபகம் எல்லாம் அப்புறம்தான். வேலூர், குடியாத்தம், ஆற்காடு, ஆரணி என்று இந்த வட ஆற்காட்டு ஊர்களில் பிசியோதெரபிஸ்டாகப் பதினைந்து வருடத்துக்கு மேல் வீடு வீடாகப் போய் வருகிறேன். இந்த வரிசை மாறி நான் கேட்டது அபூர்வம்.

அது நியாயமான வரிசைதான். நடப்பது என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்பாமல் கழிப்பறைக்குப் போய் வருவது. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகும் மகள் ஒரு மாதம் லீவு போட்டால் போதுமா, வேலையையே விட வேண்டுமா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கீழ் வீடு பார்க்க வேண்டுமா, கடன் வாங்கலாமா, வாங்கினால் எதற்குச் செலவழிப்பது எல்லாமே அதில்தான் இருக்கிறது.

ரொம்ப வருடம் இதற்கு நான் சொல்லி வந்த பதில், "பயிற்சி பண்ணுங்க, பார்க்கலாம்" என்பது. யாருடைய மனதையும் நோகடிக்காத பேச்சு. ஆனால் அதைக் கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாமலே போனது. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு அம்மா. பெரிய அடைப்பு. இரண்டாவது வாரத்திலும் கட்டிலில் உட்காரவைத்தால் மூட்டை மாதிரி இடப்பக்கம் சாய்வார். அவர் துணையில்லாமல் நடப்பது கடினம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. பிள்ளைகள் எட்டு மாதம் அவரை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைந்தார்கள், நகை போனது. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் வாசல் படிக்குச் சாய்தளம் போட்டு, சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி குளியலறைக் கதவை அகலப்படுத்தி, நல்ல மெத்தை ஒன்றும் வாங்கியிருக்கலாம். முதுகில் புண் வந்த பிறகுதான் அதையெல்லாம் பேசினோம். கணிப்பைப் பற்றி நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்.

படித்ததில் என்னை முதலில் அசத்தியது, கணிப்பதற்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதுதான். ஸ்கேன் படம் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஒரு கட்டிலும், விநாடி முள் உள்ள ஒரு கடிகாரமும், கவனிக்கத் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் போதும்.

நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வின் முடிவுகள் 2011-ல் வெளியாயின. முதல் முறையாக ரத்த அடைப்பால் பக்கவாதம் வந்து, தானாக நடக்க முடியாமல் போன 154 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். வந்த 72 மணி நேரத்துக்குள் இரண்டே விஷயம் பார்த்தார்கள். ஒன்று, கட்டில் விளிம்பில் எதையும் பிடிக்காமல் 30 விநாடி உட்கார முடிகிறதா. இரண்டு, விழுந்துபோன காலில் கொஞ்சமாவது தசை இயக்கம் இருக்கிறதா. இந்த இரண்டாவதற்கு ஒரு மதிப்பெண் முறை உண்டு. இடுப்பை மடக்குவது, முழங்காலை நீட்டுவது, கணுக்காலை மேலே தூக்குவது மூன்றுக்கும் சேர்த்து நூறு மதிப்பெண். அதில் 25 வாங்கினால் போதும். காலை ஓங்கித் தூக்க வேண்டியதில்லை. இரண்டு மூட்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைவு வந்தாலே 25-ஐத் தாண்டிவிடும்.

இரண்டும் இருந்தவர்கள் ஆறு மாதத்தில் துணையில்லாமல் நடப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 98. இரண்டும் இல்லாதவர்களுக்கு 27. மூன்றாம் நாளில் இல்லாமல் ஒன்பதாம் நாளிலும் இல்லையென்றால் அந்த 27 இறங்கி 10 ஆகிவிடுகிறது.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 98 என்பது கிட்டத்தட்ட உறுதி. மூன்றாம் நாளே ஒரு மகனிடம், "அப்பா நடப்பார், வீட்டைத் தயார் பண்ணுங்க" என்று சொல்லிவிடலாம். 27 என்பது அப்படிப்பட்ட எண் இல்லை. நாலு பேரில் ஒருவருக்கு மேல் நடந்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். எனவே மூன்றாம் நாளில் அசைவில்லாமல் கிடப்பவரைப் பார்த்து, "இனிமே நடக்கமாட்டார், கூட்டிட்டுப் போங்க" என்று சொல்வது தவறு. அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், பிறகு அவர்களில் சிலர் வாசல் வரை வந்து என்னை வழியனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாளில் சொல்லக்கூடிய நேர்மையான பதில், "இப்போ தெரியாது, ஒன்பதாம் நாள் திரும்பப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பதுதான். தள்ளிப்போடுகிற என் பழைய "பார்க்கலாம்" மாதிரி இது கேட்கலாம். ஆனால் இதில் தேதி இருக்கிறது, அந்த நாளில் என்ன பார்ப்போம் என்பதும் இருக்கிறது.

குடியாத்தத்தில் குழித்தறி (குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதித்து நெய்யும் கைத்தறி) ஓட்டும் ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டியவர். விடியற்காலையில் எழுந்து வேட்டியை இறுக்கும்போதே இடக்கை நழுவியிருக்கிறது, அப்படியே சரிந்துவிட்டார். 108-ல் ஏற்றிப்போய் ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாளே வார்டில் போய்ப் பார்த்தேன். கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதம் தரையில் படாமல் உட்காரவைத்தோம். அவர் பின்னால் நான், முன்னால் மகன். கையை எடுத்தேன். நான்கு எண்ணுவதற்குள் இடப்பக்கம் சாய்ந்தார், பிடித்துக்கொண்டோம். சாய்வது அவருக்கே தெரியவில்லை, அதுதான் கவலையாக இருந்தது. கால் தொடையில் கை வைத்து, "முட்டியை நீட்டுங்க பெரியவரே" என்றேன். கைக்கு அடியில் தசை மெல்லத் துடித்த மாதிரி இருந்தது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"எங்க நைனா எப்ப சார் நடப்பாரு?" என்று மகன் கேட்டார். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வருகிறேன், அன்றைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஒன்பதாம் நாள் போனபோது பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தோம். உடம்பு ஆடியது. இடப்பக்கம் சாயப்போய்த் தானாகவே நிமிர்ந்தார். மருமகள் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டி நாற்பது வரை எண்ணிவிட்டு, நிறுத்தலாமா என்று என்னைப் பார்த்தார். முட்டி பாதி தூரம் நீண்டது, இடுப்பும் அசைந்தது, கணுக்கால் மட்டும் வரவில்லை. அன்றைக்கு மகனிடம் சொன்னேன்: நடப்பார், குச்சியோடு இருக்கலாம், பாதத்துக்கு ஒரு பட்டை தேவைப்படலாம், இரண்டு மூன்று மாதம் ஆகும்.

நடக்கப்போவது கால் என்கிறபோது உட்காருவதை ஏன் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். இதற்கு மூளையிலிருந்து தசைக்கு வரும் கம்பிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூளையின் வலப்பாதி இடப்பக்கத்தை ஆள்கிறது, இடப்பாதி வலப்பக்கத்தை ஆள்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். விரல்களுக்கு அது ஏறக்குறைய முழு உண்மை. சட்டைப் பொத்தானைப் போடும் விரலுக்கு எதிர்ப்பக்க மூளையிலிருந்து நேரடியாக வருகிற அந்த ஒரு பாதையை விட்டால் பெரிதாக வேறு வழியில்லை. முதுகு, வயிறு, இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் அப்படியில்லை. அவற்றுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் பழைய பாதைகளும் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு பாதை அடைபட்டால் இன்னொன்று கொஞ்சம் கொஞ்சமாக வேலையை ஏற்றுக்கொள்ள முடியும்.

அதோடு, நடையின் தாளம் தண்டுவடத்திலேயே இருக்கிறது. 1911-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடலியல் அறிஞர் தாமஸ் கிரஹாம் பிரவுன், மூளையோடு தொடர்பு துண்டிக்கப்பட்ட தண்டுவடமே பூனையின் காலில் நடக்கிற மாதிரியான மாற்றி மாற்றி வரும் அசைவை உண்டாக்குவதைக் காட்டினார். மனிதனுக்கு அது மட்டும் போதாது, மூளையின் கட்டளையும் சமநிலையும் வேண்டும். ஆனாலும் இதனால்தான் கை வராமல் போன பலருக்குக் கால் வந்துவிடுகிறது. "கால் வந்துடுச்சு, கைதான் வரலை" என்று ஊரில் பக்கவாதக்காரர்களைப் பற்றிச் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். மருத்துவம் படிக்காதவர்களும் கண்ணால் கண்டு வைத்திருக்கும் உண்மை அது.

ஆக, 30 விநாடி நிமிர்ந்து உட்காருகிற ஒருவர் பல சங்கதிகளை ஒரே நேரத்தில் காட்டிவிடுகிறார். இரண்டு பக்கப் பாதைகளில் தேவையான அளவு மிச்சமிருக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குத் தகவல் போகிறது, சொல்வது புரிகிறது, விழிப்பு இருக்கிறது. காலை மட்டும் தூக்கச் சொன்னால் இத்தனையும் தெரியாது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். நடப்பாரா என்பதோடு எந்த வாரத்தில் நடப்பார் என்றும் சொல்ல முடியுமா என்பது அவர்களின் கேள்வி. 2017-ல் வந்த முதல் ஆய்வில் 41 பேர்தான். அடுத்து 93 பேரை வைத்துச் செய்து 2022-ல் வெளியிட்ட முறையில் ஒரு வாரம் கழித்து மூன்று விஷயம் பார்க்கிறார்கள். வயது 80-க்குக் கீழா. உட்கார்ந்தபடி முட்டியை முழுசாக நீட்ட முடிகிறதா, அதாவது காலின் எடையையே தாங்கித் தூக்குகிற அளவு வலு இருக்கிறதா. அப்புறம், 56 மதிப்பெண் கொண்ட சமநிலைத் தேர்வில் எத்தனை. இதை வைத்து 4, 6, 9, 16, 26 வாரம் என்று எந்தக் கட்டத்துக்குள் தானாக நடப்பார் என்று கணிக்கிறார்கள். 83 சதவீதத்துக்குக் குறையாமல் சரியாக வந்திருக்கிறது. தலைக்கு மேலே காந்தத்தை வைத்து மூளையைத் தூண்டி, காலுக்குச் செய்தி போகிறதா என்று அளக்கும் விலை உயர்ந்த கருவியையும் முதல் ஆய்வில் சேர்த்துப் பார்த்தார்கள். கையின் கணிப்புக்கு அது உதவுகிறது, நடைக்கு அதனால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. ஆம்பூரிலோ ஜவ்வாதுமலை அடிவாரத்திலோ இருக்கும் ஒரு பிசியோவுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

காலம் பற்றிய கணக்குக்கு இன்னும் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 804 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995-ல் வெளியிட்டார்கள். வந்து சேரும்போது பாதிப் பேருக்கு நடையே இல்லை. மறுவாழ்வுப் பயிற்சி முடியும்போது மொத்தப் பேரில் பாதிப் பேர் தானாக நடந்தார்கள். ஐந்தில் ஒருவர் இறந்துபோயிருந்தார். நடையில் வரக்கூடிய முன்னேற்றம் 95 சதவீதம் பேருக்கு முதல் 11 வாரத்துக்குள் வந்துவிட்டது.

இந்த 11 வாரத்தை வைத்து நம் ஊர் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாதம் அடித்தவுடன் எல்லையைத் தாண்டி ஆந்திரப் பக்கம் நாட்டு மருந்துக்குக் கூட்டிப்போவது இங்கே வழக்கம். எண்ணெய் தேய்ப்பார்கள், பத்தியம் சொல்வார்கள், சிலர் புறா ரத்தம் தடவுவார்கள். நாலாம் வாரத்தில் கால் அசையும். மருந்தால் வந்தது என்று பேர் பரவும். மூளையில் வீக்கம் வடிவதும், அடிபட்ட இடத்தைச் சுற்றி உறைந்துபோயிருந்த பகுதிகள் விழிப்பதும், நரம்புகள் புது இணைப்பு தேடுவதும் எந்த மருந்தும் இல்லாமலே நடக்கிற காலம் அது. யார் கையில் இருந்தாலும் கால் கொஞ்சம் வரும். அதே காரணத்தால் பிசியோக்களான நாங்களும், அந்த வாரங்களில் வருகிற ஒவ்வொரு அசைவையும் எங்கள் கைராசி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நாட்டு மருந்துக்குப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பயணத்திலும் காத்திருப்பிலும் அந்த 11 வாரத்தில் மூன்று நாலு வாரம் போய்விடுகிறதே, ரத்தக் கொதிப்பு மாத்திரையைச் சிலர் பத்தியத்துக்காக நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் என் பயம். மாத்திரை நின்றால் இரண்டாவது அடைப்பு வரலாம். வந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது.

சரி, "நடப்பார்" என்று சொல்லிவிட்டோம். கேட்பவர் மனதில் என்ன படம் வருகிறது? பழையபடி டிவிஎஸ் ஃபிஃப்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு சந்தைக்குப் போவது. ஆய்வுகளில் "தானாக நடப்பது" என்றால் அது இல்லை. சமதரையில் பக்கத்தில் யாரும் நிற்காமல், மேற்பார்வை இல்லாமல் நடப்பது, அவ்வளவுதான். குச்சி பிடிக்கலாம், பாதம் தொங்காமல் இருக்கப் பட்டை போடலாம். படி ஏறுவதும், மேடு பள்ளமும் அதில் சேராது. இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லாவிட்டால், கணிப்பு சரியாகவே இருந்தாலும் மூன்றாம் மாதத்தில் வீட்டில் எல்லோரும் ஏமாந்துபோவார்கள்.

நான் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். வீட்டு முன்னால் தெருவில் சுண்ணாம்புக் கட்டியால் 10 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கோடு போடுவேன். முதல் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னாலிருந்து நடக்கத் தொடங்கி, இரண்டாவதைத் தாண்டி இரண்டு மீட்டர் போய் நிற்கச் சொல்வேன். நடுவில் உள்ள 10 மீட்டருக்கு எத்தனை விநாடி என்று செல்போனில் பார்ப்போம். 25 விநாடிக்கு மேல் ஆனால் நடை வீட்டோடு சரி. 25-க்கும் 12-க்கும் நடுவில் என்றால் பக்கத்துக் கடை, தெருமுனைக் கோயில் வரை போய் வரலாம். 12-க்கும் கீழே வந்துவிட்டால் வெளியில் தாராளமாக நடமாடலாம். விநாடிக்கு 0.4 மீட்டர், 0.8 மீட்டர் என்ற இந்த எல்லைகள் 1995-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றிலிருந்து வந்தவை. நம் ஊருக்கு நான் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்வேன். சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையைக் கடப்பதற்கும், காட்பாடி ரயில் நிலையப் படிகளுக்கும், டவுன் பஸ்ஸின் உயரமான ஃபுட்போர்டுக்கும் 12 விநாடி நடை போதாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நெதர்லாந்தின் 98 சதவீதம் குடியாத்தத்திலும் 98 ஆக இருக்குமா? விதைப் பாக்கெட்டில் முளைப்புத் திறன் இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். ஈரமும் சூடும் சரியாக இருக்கிற இடத்தில் சோதித்து எடுத்த எண் அது. தண்ணீரே காட்டாத நிலத்தில் போட்டுவிட்டுப் பாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது. அந்த நோயாளிகளுக்குப் பக்கவாதத்துக்கென்றே தனிப் பிரிவு, பயிற்சி பெற்ற நர்ஸ், பிசியோ எல்லாம் இருந்தார்கள். இங்கே ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தவரைச் "சும்மா படுத்திருங்க, உடம்பு தேறட்டும்" என்று பாசத்தோடு மாதக்கணக்கில் படுக்கவைத்துவிடுகிற வீடுகள் உண்டு. நல்ல காலும் அதில் மெலிந்துபோகும். கணுக்கால் கீழ்நோக்கி இறுகிவிடும், அப்புறம் பாதம் தரையில் பதியாது.

சர்க்கரை நோய் இன்னொன்று. பாதத்தில் ஏற்கனவே மரத்துப்போன உணர்ச்சி இருந்தால் சமநிலை வருவது தாமதமாகும். முழங்கால் தேய்மானம், முன்பே கோல் ஊன்றி நடந்தவர், சிறுநீர் கட்டுப்பாடு திரும்பாதவர், மனச்சோர்வில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர் என்று கணக்கைக் கீழே இழுக்கிறவை பல. வலப்பக்க மூளை அடிபட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் நிற்காது. தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே இருக்கும், கதவு நிலையில் இடத்தோள் இடிக்கும். கால் வலுவாக இருந்தும் இவர்களைத் தனியாக நடக்கவிட முடியாது. இரண்டு விஷயத்தை மட்டும் பார்க்கும் கணிப்பில் இதெல்லாம் முழுசாகப் பிடிபடாது. எனவே எண்ணைச் சொல்லும்போது ஆளையும் பார்க்க வேண்டும்.

பயிற்சி எவ்வளவு, எப்போது என்பதற்கும் பதில் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, நிறைய நேரம் நிற்கவும் நடக்கவும் வைத்தால் சீக்கிரம் தேறுவார்களா என்று 2104 பேரை வைத்து ஐந்து நாடுகளில் பார்த்தார்கள். 2015-ல் வந்த முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் அவசரப்படுத்திய பக்கம் 46 சதவீதம், வழக்கமான பக்கம் 50. முதல் நாளிலேயே தோளைப் பிடித்துத் தூக்கி நிற்கவைக்கும் ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். கொஞ்ச நேரம், பல தடவை என்பது நல்ல முறை.

தோள்பட்டையிலிருந்து வார் போட்டுத் தூக்கிப்பிடித்து, ஓடும் பட்டையில் நடக்கவைக்கும் இயந்திரம் இல்லையே என்று ஏங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 408 பேரை வைத்து அந்த இயந்திரத்தையும், பிசியோ வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் வலு, சமநிலைப் பயிற்சியையும் ஒப்பிட்டு 2011-ல் வெளியிட்டார்கள். ஒரு வருட முடிவில் 52 சதவீதம் பேரின் நடை ஒரு படி மேலே வந்திருந்தது, இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இயந்திரப் பயிற்சியை ஆறு மாதம் கழித்துத் தொடங்கியவர்களும் தேறினார்கள். 11 வாரம் தாண்டிவிட்டதே என்று கைவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாள்பட்ட பிறகு புதிதாக நடை வருவது குறைவு, வந்த நடையின் வேகமும் தூரமும் கூடுவதற்கு இடமிருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டாலும் போதாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்து, வீட்டாருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் பலன் உண்டா என்று பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவில், ஆறு மாதத்தில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள், சொல்லிக்கொடுத்த பக்கம், கொடுக்காத பக்கம் இரண்டிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. வீட்டாரின் உழைப்பு வீண் என்று நான் இதைப் படிக்கவில்லை. பக்கவாதம் வந்தவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப்போட்டு, அதற்கு மேல் பிசியோ வேலையும் ஒரு மருமகளே செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம் என்றுதான் படிக்கிறேன். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். இது தெரியாமல் இருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாளிலும் உட்கார முடியாத, கால் அசையாத அந்த 10 சதவீதக்காரர்களிடம் என்ன சொல்வது? இதுதான் என் வேலையில் எனக்கு இன்னும் கடினம். பத்தில் ஒருவர் நடக்கிறார் என்பதை மறைக்க மாட்டேன், மீதி ஒன்பது பேருக்காகவும் வீட்டைத் தயார் பண்ண வேண்டும் என்பதையும் மறைக்க மாட்டேன். வேலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு. 1954-ல் ஒரு விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் அந்தத் துறையை வளர்த்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. அவர் திரும்ப நடக்கவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாக மாறுவது, சமையலறை வரை வருவது, பேரப்பிள்ளைகளோடு வாசலில் உட்காருவது எல்லாம் நடையில்லாமலே கிடைக்கக்கூடியவை. அவற்றுக்கும் பயிற்சி வேண்டும், அவற்றுக்கும் 11 வாரம் முக்கியம். நடைக்காகவே காத்திருந்தால் அந்தக் காலமும் போய்விடும். பேரணாம்பட்டு அம்மாவுக்கு நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

குடியாத்தம் பெரியவர் பத்தாவது வாரத்தில் நாலு கால் குச்சியோடு, பாதப் பட்டை போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார். இடக்காலை அரைவட்டமாக வீசித்தான் வைக்கிறார். சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவில் 31 விநாடி. இன்னும் வீட்டு நடைதான், ஆனால் அருகில் யாரும் இல்லை. மருமகள் வாசலில் நின்றபடி விநாடியைச் சத்தமாகப் படித்தார்.

மகன் அடுத்த கேள்வியைக் கேட்டார். "தறி எப்ப ஓட்டுவாரு?"

குழித்தறிக்கு எந்த ஊரிலும் கணக்கு போட்டு வைக்கவில்லை. பெரியவரைக் கூட்டிப்போய்க் குழியின் விளிம்பில் உட்காரவைத்தோம். கால் இரண்டும் மிதிகட்டைக்கு மேலே தொங்க, கையை எடுத்துவிட்டு மூவரும் எண்ணத் தொடங்கினோம்.